கிடங்கில் வருந்திய பார்சல்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. கந்தர்வக்கோட்டையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் அவள் கணவர் துணிமணி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். தங்கை தன் போனில் வந்திருந்த குறுஞ்செய்தியை என்னிடம் நீட்டினாள்.

“உங்கள் தீபவளி பார்சல் முகவரி இல்லாமல் கிடங்கில் வருந்துகிறது. கீழே அழுத்தவும்.”

இருபது வருடமாகத் தமிழ் விடைத்தாள் திருத்துகிறவள் நான். எட்டாம் வகுப்பில் ஃபெயிலாகிறவன்கூட இதைவிட ஒழுங்காக எழுதுவான். ஊரைக் கொள்ளையடிக்கக் கிளம்பிய கழுதைக்கு ஒரு துணைக்கால் போடத் தெரியவில்லை.

“இதப் போயி நம்புவியா?”

“அட்ரஸு, கார்டு நம்பரெல்லாம் போட்டுட்டேன்க்கா. அஞ்சு ரூவாதான் கேட்டுச்சு.”

அப்போதே போன் அடித்தது. நானே எடுத்தேன்.

“மேடம், இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

“சொல்றேன் தம்பி. ஒங்க ஆபீஸு எங்க இருக்கு?”

“கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் மேடம்.”

“அங்கிட்டுதான் நாங்களும் இருக்கோம். நேர்லயே வாரோம். எந்தக் கடைக்குப் பக்கத்துல?”

பதிலுக்கு ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அதையும் தப்பாகத்தான் உச்சரித்தான். வைத்துவிட்டான்.

கார்டின் பின்னால் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் பேசி அதை முடக்கினோம். பணம் எதுவும் போகவில்லை. ஆனால் நான் விடவில்லை. “டிகிரி படிச்சவதானே நீ? மூளையக் கழட்டி வச்சிட்டா போனத் தொடுவ?” என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதோடு நிற்காமல், பார்சல் நிஜமா என்று அவள் கணவரையே கேட்கச் சொன்னேன். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. “இன்னும் கடைக்கே போகலையே. மொதலாளி லீவு தரமாட்டேங்கிறான்.”

தங்கை போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“இந்த வருசமாச்சும் அனுப்பிட்டாருன்னு நெனச்சேன்க்கா. அதுல எழுத்துப் பிழையெல்லாமா பாப்பாங்க?”

அவள் ஆசையை மோப்பம் பிடித்த அந்த நாயை இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவனுக்கு வைத்திருந்ததை இவள் மேல் கொட்டிவிட்டேன்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். தினமும் காலையில் தத்துவம் அனுப்பும் கணக்கு வாத்தியார் ஒரு லிங்க் போட்டிருந்தார். தீபாவளிக்கு இலவசப் பட்டுப்புடவையாம், இருபது பேருக்கு அனுப்பினால் போதுமாம். “சார், இது ஏமாத்து வேலை, அழிச்சிருங்க” என்று எழுதினேன்.

“தெரியும் டீச்சர். எதுக்கும் இருக்கட்டுமேன்னு அனுப்புனேன்” என்றார், ஒரு கும்பிடு படத்தோடு.