அண்ணன் கொடுத்தனுப்பிய மடக்குக் கத்தி

இன்று ஒரு கடையில் மடக்குக் கத்தியைக் கையில் எடுத்தேன். உடனே கீழே வைத்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம். கடலுக்குப் போன என் அண்ணன் திரும்பாமல் ஒரு வருடம் ஆகியிருந்தது. அரியாங்குப்பம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது அண்ணனின் கத்தி. அதன் பிடியில் நான் கீறிய என் பெயர்.

"இது ஏதுங்க?"

"காலையில குருசுக்குப்பத்துல ஒருத்தரு குடுத்தாரு. பஸ்ல என் தம்பி வருவான், குடுத்துடுங்கன்னாரு. அவருக்கும் உன் ஜாடைதான்."

மடக்கி என் உள்ளங்கையில் வைத்தார். கத்தி சில்லென்றிருந்தது.

இறங்கி குருசுக்குப்பத்துக்கு ஓடினேன். கரையில் படகுகள் மட்டுமே கிடந்தன.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"சாப்ட்டானாமாடா?" என்று மட்டும் கேட்டாள்.

நீங்களாக இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?