கிளம்பும்போது கேட்ட கேள்வி

என் மனைவி தன் அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தேன். குடியிருந்தது ஸ்ரீரங்கத்தில். ஒரு சித்திரையில் ஆலையை மராமத்துக்காக மூடியபோது, முதலாளி தன் பழைய காரை ஆறு நாளைக்குக் கொடுத்தார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவளைச் சமயபுரம் தாண்டி எங்கும் அழைத்துப்போனதில்லை. கொடைக்கானல், ஊட்டி என்று பெரிய திட்டமாகப் போட்டேன். காரியம் கெட்டுவிடும் என்று ஊர் பேரை யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியிடம்கூடக் கோயில் குளம் என்றுதான் சொல்லிவைத்தேன்.

மாமனார் திருவானைக்காவலில் தனியாக இருந்தார். மாமியார் போய்ப் பல காலம். இவள் ஒரே பெண். சொல்லிக்கொண்டு கிளம்ப அவர் வாசலில் காரை நிறுத்தினோம். அவருக்கு அப்போதே மூச்சிரைப்பு உண்டு.

“எங்க போறீங்க மாப்பிள்ளை? எங்க தங்குவீங்க?” என்று கேட்டுவிட்டார்.

எனக்குச் சுரீரென்றது. புறப்படுகிறவனிடம் ‘எங்கே’ என்று கேட்கலாமா? ‘தூரமா’ என்றுதானே கேட்பார்கள்! நான் முன்கோபி வேறு.

“நல்லா கேட்டீங்க மாமா, கிளம்புற நேரத்துல! போயிட்டு வந்து சொல்றோம்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முறைத்தேன். சகுனம் மாறட்டும் என்று உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினேன்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது கார் இரண்டு தடவை கொதித்தது. அவள் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். ஆனாலும் கொடைக்கானல் பூங்காவைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. பாத்திக்குப் பாத்தி நின்றாள். “இவ்வளவு பூ இருந்து என்ன? தலையில வெக்க ஒண்ணுகூட ஆகாதே!” என்றாள். தோட்டக்காரரே சிரித்துவிட்டார். மியூசியத்தில் பஞ்சடைத்து நிறுத்தியிருந்த பறவைகளைப் பார்த்துத்தான் முகம் வாடியது.

வெளியே வந்ததும், “மனசு என்னமோ பண்ணுதுங்க. அப்பாவுக்கு ஒரு கார்டு போட்டுடட்டுமா?” என்றாள்.

“ஆமாம், ஊரைக் கூட்டித் தண்டோரா போடு. பேசாம வா.”

அந்தக் கார்டைப் போட விட்டிருந்தால், அதில் அவள் எழுதும் ஊட்டி விலாசத்துக்குத் தந்தி வந்திருக்கும். அன்றைக்குத்தான் அவர் படுக்கையில் விழுந்தார்.

அடுத்து ஊட்டி போனோம். அங்கேயும் பூங்காதான், ஆனால் அவள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிவிடலாமா என்றாள். வந்தது வந்தோம் என்று கோயம்புத்தூரில் காட்டு மரங்களும் விலங்குகளும் வைத்திருந்த மியூசியத்தில் ஒரு முழு நாளைக் கழிக்க வைத்தேன். நான் யானை எலும்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே அவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஆறாம் நாள் ஒரு கூடை பிளம்ஸ் பழத்தோடு நேரே திருவானைக்காவலுக்குத்தான் வந்தோம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ரெண்டு நாளா இழுத்துக்கிட்டே கெடந்தாரும்மா. உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. தந்தி அடிக்கலாம்னா எந்த ஊருக்குன்னு அடிக்கிறது? மில்லுல கேட்டா ஏதோ கோயில்ங்கிறாங்க. வர்ற வரைக்கும் வெச்சிருக்க முடியுமா? நேத்து உன் அத்தை மகன்தான் கொள்ளி வெச்சான்.”

அவள் அழவில்லை. நான் தோளைத் தொடப் போனேன். விலகிக்கொண்டாள்.

“அப்பா கேட்டப்பவே நான் சொல்லியிருப்பேங்க,” என்றாள். “வாய் வரைக்கும் வந்துச்சு. உங்களுக்குப் பயந்துதான் முழுங்கிட்டேன்.”