தகப்பனின் தொழில்: கமம்

ஜசிந்தாவுக்குக் கோபம் வந்தால் வாய் திறக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கன்னியர் மடத்துப் பள்ளியில் செய்யாத குற்றத்துக்கு அடி விழுந்தபோதும், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் யாழ்ப்பாணத்துப் பெட்டையள் "தீவார் வந்திட்டினம்" என்று சிரித்தபோதும், கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள். எழுபத்து நாலாம் ஆண்டு ஆவணி மாதம் நேர்முகப் பரீட்சைக்குப் போன அன்றுதான் அவள் வாய் திறந்தாள்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் தீவில், ஊர்காவற்றுறைக் கடற்கரையோரம் வீடு. தகப்பன் இன்னாசித்தம்பி கடலில் சிறகுவலை போட்டு மீன் பிடிக்கிறவர். பட்டம் வாங்கி அவள் இரண்டு வருடம் அடுப்படியில் நின்றபின், ஒரு அரசாங்கத் திணைக்களத்துக்குப் பட்டதாரிகளை எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பொக்குளிப்பான். வேப்பிலைக்கு நடுவே படுத்தபடி சோதனை விபரங்களைக் கொப்பித் தாளில் எழுதி, நிரப்பாத விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் வெறும் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தாள். தகப்பன் அதைச் சந்தியடியில் தட்டச்சு மெஷின் வைத்திருந்த தியாகலிங்கத்திடம் கொண்டுபோனார். இளைப்பாறிய கிளாக்கர். ஊரில் யாருக்கு இங்கிலீசுக் கடிதம் வந்தாலும் அவர்தான் வாசிப்பார்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பருவக்காற்றைக் கேட்டார்கள், ஆற்றுப் படுக்கைகளைக் கேட்டார்கள். அவள் தடுமாறவில்லை. நடுவில் இருந்தவர் தலையை ஆட்டி ஆட்டிப் புள்ளி போட்டார். வேலை கைக்கு வந்துவிட்டது என்றே அவளுக்குப் பட்டது.

ஓரத்தில் இருந்த கண்ணாடிக்காரர் விண்ணப்பத்தைப் புரட்டினார். "தகப்பன் கமம் எண்டு போட்டிருக்கு. எத்தினை பரப்புக் காணி? புகையிலையோ?"

அவளுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது: தகப்பனின் தொழில் என்ற இடத்தில் யாரோ விவசாயம் என்று அடித்துவிட்டிருந்தார்கள். புகையிலை என்று ஒரு சொல் சொன்னால் போதும். தீவில் பாதிப்பேர் அதுதானே செய்கிறார்கள்.

"அப்பா கடலுக்குப் போறவர், சேர்."

"அப்ப இது?"

"நான் எழுதேல்லை."

"கையெழுத்து உம்மடைதானே?"

"ஓம்."

கண்ணாடிக்காரர் மற்றவர்களைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தார். "கடற்கரைப் பக்கம். ம். எந்தக் கோயிலடி?"

யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று பால்குடிக்கும் தெரியும். சாதியை நேரே கேட்க வெட்கப்படுகிறவர்கள் கோயிலைக் கேட்பார்கள்.

"நான் படிச்ச புவியியலிலை அது எங்கை வருது, சேர்?"

நடுவில் இருந்தவர் பேனையை மூடினார். "நீர் போகலாம்."

வெளியே பெருநாளுக்கு மட்டும் உடுக்கும் சேட்டைப் போட்டுக்கொண்டு தகப்பன் காத்து நின்றார். "என்ன பிள்ளை கேட்டவை?"

"நீங்கள் எத்தினை பரப்பிலை என்ன வைக்கிறனீங்கள் எண்டு கேட்டவை."

அவர் செருப்பைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கிளாக்கர் ஐயா கேட்டவர், கமம் எண்டு போடட்டோ எண்டு. நானும் ஓம் எண்டனான். நீயும் புகையிலை எண்டு சொல்லியிருக்கலாமே."

கண்ணாடிக்காரர் மீது வந்த கோபம் ஒரு பங்கு என்றால் இது பத்துப் பங்கு. பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் அவள் தின்றது, உடுத்தது, படித்தது எல்லாம் அந்த வலையில் வந்தது. அதை இந்த மனிதனே ஒரு தாளிலிருந்து துடைக்க ஓம் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் அவள் இருக்கவில்லை. இறங்கியதும் நேரே சந்தியடிக்குப் போனாள்.

தியாகலிங்கம் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, உத்தியோகம் சரியோ? என்ரை கைராசி அப்படி!"

"அப்பாவைக் கமக்காரன் ஆக்கச் சொல்லி உங்களிட்டை ஆர் கேட்டது?"

"நல்லதுக்குத்தான் பிள்ளை. இன்னாசின்ரை மகள் எண்டு அங்கை ஒருத்தரும் குறைவாய் நினைக்கக் கூடாது பாரும்."

"அவையளுக்கு முன்னமே நீங்கள் நினைச்சிட்டியள்."

பின்னால் வந்து சேர்ந்த தகப்பன் பதறினார். "ஐயாவோடை அப்படிக் கதையாதை!"

"கதைப்பன். நீங்கள் வாயை மூடுங்கோ." சந்தியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரல் அவ்வளவு பெரிதென்று அதுவரை யாருக்கும் தெரியாது. "இருவது வருசமாய் அவர் கொண்டந்து தாற மீனை வாங்கித் தின்னுறியள். எழுத மட்டும் மணக்குதோ?"

தியாகலிங்கம் எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகினார், திருகிக்கொண்டே இருந்தார்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பொய் விபரம் கொடுத்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று இரண்டு வரி. கோயிலடியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பொய் என்ற சொல் அவள் பெயருக்குக் கீழே ஒரு கந்தோர்க் கோப்பில் கிடக்கும். கோயிலைக் கேட்ட மனிதன் சுத்தமாய்க் கதிரையில் இருப்பான்.

மார்கழியில் இன்னோர் இடத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அவள் குசினி மேசையில் படிவத்தை விரித்து, மைப்பேனையால் தானே நிரப்பினாள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்ட தகப்பன் வாசலில் நின்றார்.

"தகப்பன்ரை தொழில் எண்ட இடத்திலை என்ன போடப்போறாய்?"

"நீங்கள் செய்யிறதை."

"அப்ப இதுவும் கிடையாது, பிள்ளை."

"கிடையாட்டில் விடட்டும்," என்று நிமிராமலே சொல்லிவிட்டு, அவள் எழுதினாள்.