அசனச் சோறும் இரண்டு கோடும்

ரீபாவுக்குக் கங்கைகொண்டானில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மசாலாப்பொடி, மீன், பால்கோவா என்று எது வந்தாலும் கரைத்து, வடித்து, சின்ன அட்டைப்பட்டையில் சொட்டு விட்டுப் பார்ப்பாள். ஒரு கோடு விழுந்தால் நல்ல சாப்பாடு. இரண்டு விழுந்தால் கிருமியின் நஞ்சு இருக்கிறது. முன்பு நாள்கணக்கில் காத்திருந்த முடிவு இப்போது டீ ஆறுவதற்குள் வந்துவிடுகிறது.

அவளைப் பெற்ற சாரம்மாள் அக்காவுக்கோ ஃப்ரிட்ஜ் என்றால் தண்ணீர் குளிர வைக்கும் பெட்டி, அவ்வளவுதான். அதிலும் அசனச் சோறு, அதாவது கோயில் பண்டிகையில் சபையார் சேர்ந்துண்ணும் சோறு, அதற்குள் போகவே போகாது. "ஜெபம் பண்ணுன சோறு கெடாதுட்டீ" என்பாள். எங்கள் பாளையங்கோட்டைச் சபையில் பாதிப் பேர் அப்படித்தான், படித்தவர்களும் சேர்த்தி. எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த வருஷ அசனத்தன்று ரீபாவுக்கு ஷிஃப்ட்டு மாற்ற முடியவில்லை. போனில், "நாளைக்கு வாரேம்மா, எனக்கும் எடுத்து வைங்க" என்றாள். அக்கா தூக்குவாளி நிறைய வாங்கி வந்து மேஜைமேல் வைத்தாள். மறுநாளும் ரீபா வரவில்லை. வீணாக்க மனமில்லாமல் அக்காவே சூடு பண்ணிச் சாப்பிட்டாள். வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிவதற்குள் பழி சமையல்காரர் அருமைநாயகத்தின் தலையில் விழுந்தது. ஆயுசெல்லாம் எங்கள் அசனத்துக்கு உலை வைத்தவர். இனி அவர் கரண்டியைத் தொடக்கூடாது என்று கமிட்டியில் பேச்சு. சபையே அன்று சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் நடமாடியது. அதை யோசிக்க ஒருத்தருக்கும் நேரமில்லை.

போதகர் வீட்டு ஃப்ரிட்ஜில் கொஞ்சம் அசனச் சோறு மிச்சமிருந்தது. அம்மாவின் தூக்குவாளியும் அடியில் ஒட்டிய சோற்றோடு கழுவாமல் கிடந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு ரீபா வேலைக்குப் போனாள். கூட வேலை பார்க்கும் பெனோ, "நான் பாக்கேன்க்கா, நீங்க வெளிய இருங்க" என்றான்.

"என் ஷிஃப்ட்டுதான" என்றாள்.

போதகர் வீட்டுச் சோற்றுக்கு ஒரு கோடு. தூக்குவாளிச் சோற்றுக்கு இரண்டு. அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று பெனோ பிறகு சொன்னான். முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டாளாம். அடுத்து மஞ்சள்பொடி இருந்தது. அதையும் பார்த்து முடித்தாளாம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ரீபா எழுந்து நின்றாள்.

"அருமைநாயகம் அண்ணாச்சி ஆக்குனதுல ஒரு குத்தமும் இல்ல. எங்கம்மா வெளிய வச்சிருந்ததுல கெட்டுப்போச்சு. சூடு பண்ணுனாலும் அந்த நஞ்சு போகாது. எடுத்து வைக்கச் சொன்னது நாந்தான்."

யாரோ வீட்டுச் சங்கதிபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அருமைநாயகம்தான் தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

தூக்குவாளியை வேலையிடத்திலேயே நீராவியில் சுத்தம் பண்ணிக் கொண்டுவந்துவிட்டாள். மூடியில் சாரம்மாள் என்று பெயர் வெட்டியிருக்கும். இப்போது அதில்தான் மதியச் சோறு கொண்டுபோகிறாள். நாலு வாய் தின்றதும் மூடிவிடுவாளாம். "மிச்சத்த ஃப்ரிட்ஜ்ல எடுத்து வைக்கட்டுமாக்கா?" என்று பெனோ ஒருநாள் கேட்டிருக்கிறான்.

"எனக்குன்னு ஒண்ணும் எடுத்து வைக்காண்டாம்லே" என்று சொல்லிவிட்டுக் கொட்டப் போனாளாம்.