பால்பாண்டி அண்ணன் இருந்த பத்தியம்

அன்று சனிக்கிழமை. பள்ளி விடுமுறை என்பதால் நான் மலைக்குப் போகவில்லை. துணிகளை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது செல்வராணி போனில் அழைத்தாள். ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். தினமும் என்னோடு ஒரே ஜீப்பில் வருகிறவள். தோட்டத்தில் டவர் கிடைக்காதே, இந்த நேரத்தில் எப்படிப் பேசுகிறாள் என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன்.

“டீச்சர், போடி ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். ஜீப்புக்கார அண்ணன் போயிட்டாரு.”

“எங்க போயிட்டாரு?” என்று கேட்டேன். மடத்தனமான கேள்விதான். அவள் அழுதாள்.

ஜீப்புக்கார அண்ணன் என்றால் பால்பாண்டி அண்ணன். சிலமலைக்காரர். விடியுமுன் ஊரிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, போடியில் என்னைப் போன்ற இரண்டொருவரையும் சேர்த்துக்கொண்டு, போடிமெட்டு தாண்டி ஏலத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது அவர் சோலி. மேலே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. என் பணிக்காலம் முழுக்க அவர் வண்டியில்தான் ஏறி இறங்கியிருக்கிறேன். அறுபது வயதைக்கூட அவர் தொடவில்லை.

துக்க வீட்டுக்குப் போனேன். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “அளவாச் சாப்பிடு, காய்கறி தின்னுன்னு ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன். என்னத்தக் கண்டாரு? கண்டதத் தின்னுட்டு நாம இருக்கோம், அவரு போயிட்டாரு.” பக்கத்து ஆள் தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டார் என்கிற தைரியத்தில் பேசுகிற வாய் அது. அந்த வாய்க்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஜீப்பில் எல்லாரும் கடைப்பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. வெறும் வயிற்றோடுதான் ஏறவேண்டும். மலையடிவாரத்து முந்தல் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். வயிற்றில் எது இருந்தாலும் மேலே வந்துவிடும் என்று ஒரு பயம். ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே மலையேறுவோம். மேலே போனதும் பால் இல்லாத ஒரு கட்டன் சாயா. மத்தியானம் தூக்குவாளியைத் திறந்தால் ஒரு குன்று சோறும் புளிக்குழம்பும். காலையில் பட்டினி கிடந்ததற்கும் சேர்த்து உள்ளே போகும். திரும்பும்போது டீக்கடையில் வடை, பஜ்ஜி. ராத்திரி வீட்டில் இன்னொரு குன்று. உடம்பு எப்படி உருப்படும்? பாதிப் பேருக்கு மத்தியானத்துக்குள் தலை சுற்றும். அதையும் மலைக்காற்று என்று சொல்லிக்கொள்வார்கள்.

அண்ணனும் அப்படித்தான் இருந்தார். நல்ல ஆகிருதி. “ஸ்டியரிங்குக்கும் என் வயித்துக்கும் தினமும் வாய்க்கால் தகராறு டீச்சர்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரியவந்தது.

சர்க்கரை என்றால் நம் ஊரில் வைத்தியருக்குப் பஞ்சமா? ஆளுக்கொன்று சொன்னார்கள். சோற்றை அடியோடு நிறுத்தினார். பாகற்காயைச் சாறு பிழிந்து குடித்தார். ராத்திரி ஒரு சப்பாத்தி. இதற்கு நடுவே ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையையும் தவறாமல் போட்டுக்கொண்டார். ஒரு நாள் வளைவில் ஏறும்போது அவர் கை நடுங்குவதை முன் சீட்டில் இருந்த நான் பார்த்தேன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஜீப்பை மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்துவிட்டார். பின்னாலிருந்து செல்வராணி கடலை மிட்டாயை உடைத்து அவர் வாயில் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். நாங்கள் அத்தனை பேரும் எட்டிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவரை அங்கிருந்த நர்சம்மா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாராம். “மாத்திரையும் போட்டுட்டுப் பட்டினியும் கெடந்தா செத்துப்போவீங்க. தினமும் சாப்பிட முடியிறதா ஒண்ணச் சாப்பிடுங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்றாராம். அதை அண்ணன் வழியெல்லாம் அசைபோட்டுக்கொண்டு வந்தார். போடிமெட்டில் சாயா குடிக்கும்போது என்னிடம் சொன்னார்:

“பத்தியம் யாரு டீச்சர் இருப்பா? பிள்ளை பெத்தவ இருப்பா, மஞ்சக்காமாலைக்காரன் இருப்பான். அப்புறம் ஒரு நாள் முறிப்பாங்க. முறிக்கிற அன்னைக்குச் சும்மா இருப்பாங்களா? கோழி அடிச்சு மூக்கு முட்டத் திம்பாங்க. பத்தியம்னு ஒண்ணு இருந்தா, முறிக்கிறதுன்னும் ஒண்ணு இருக்கும். எனக்கு இந்தச் சக்கரை சாகுற மட்டும். அப்ப முறிக்கிறதுக்கே வழியில்லாத சாப்பாடால்ல நான் பாத்துக்கிறணும்?”

அன்று தொடங்கியதுதான். ஆனால் ஒரே நாளில் எதையும் தலைகீழாக்கவில்லை. முதலில் காலைச் சாப்பாட்டை மட்டும் சரிசெய்தார். இரண்டு இட்லி, கொஞ்சம் சுண்டல், பிறகுதான் சாவியைத் தொடுவார். அது பழகிய பிறகு மத்தியானத் தட்டுக்கு வந்தார். குன்று கரைந்து கைப்பிடி அளவானது. அந்த இடத்துக்குக் கீரையும் அவரைக்காயும் வந்தன. தட்டோரத்தில் ஒரு முட்டையோ, பயறோ, முந்தின நாள் மீன் துண்டோ இருக்கும். சோற்றை அவர் விரோதி ஆக்கவில்லை. “அதுவும் இருந்துட்டுப் போகட்டும். ஆனா தட்டு பூரா அது பேருக்குப் பட்டா போட்டுக் குடுக்க முடியாது” என்பார். தீபாவளிக்கு அதிரசம் தின்றார். கறிச்சோற்றுக்கு அழைத்தால் போவார், ருசித்துச் சாப்பிடுவார், மறுநாள் காலையில் அதே இட்லி, சுண்டல். நேற்றுத் தின்றதற்கு இன்று தண்டனை கிடையாது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். சாப்பிட்டுவிட்டு ஏறச் சொன்னார். பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. “வாந்தி எடுத்தா யாரு கழுவுறது?” என்றாள் செல்வராணி.

“நான் கழுவுறேன். நீங்க சாப்பிட்டு ஏறுங்க ஆத்தா, வளைவ நான் பாத்துக்கிறேன்” என்றார்.

சொன்னதுபோலவே பார்த்துக்கொண்டார். அதுவரை பறந்துகொண்டிருந்த ஜீப் அன்றிலிருந்து வளைவுகளில் ஊர்ந்தது. மற்ற ஜீப்புக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். இவர் அதற்கெல்லாம் அசையவில்லை. அந்த வாரமே ஒருத்தி என் புடவையில் வாந்தி எடுத்தாள். அண்ணன் வண்டியை நிறுத்தி, குடத்துத் தண்ணீரில் கழுவிவிட்டு, “நாலு இட்லி கூடுதல் ஆத்தா, நாளைக்கு ரெண்டு சாப்பிடு. நிறுத்திறாத” என்றார். அவள் நிறுத்தவில்லை. போகப் போகப் புரட்டலும் நின்றது, மத்தியானத் தலைசுற்றலும் நின்றது.

காய் விஷயத்தில் மட்டும் அவரைப் பெண்கள் ஓட்டித் தள்ளுவார்கள். போடியில் காய் என்றால் ஏலக்காய். “தட்டுல பாதிக்குக் காய் வைங்க” என்று அவர் முதல் தடவை சொன்னபோது, “அம்புட்டுக்கு வைக்க நாங்க என்ன எஸ்டேட் மொதலாளியா அண்ணே?” என்று செல்வராணி கேட்டாள். ஜீப்பே குலுங்கியது. அதற்குப் பிறகு அவர் கவனமாக ‘கறிக்காய்’ என்றே சொல்வார். அப்போதும் விடமாட்டார்கள்.

இப்படி வருஷக்கணக்கில் போயிற்று. அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. தொந்தி மட்டும் முழுசாகப் போகவில்லை. கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப்பற்றி டாக்டரும் கவலைப்படவில்லை, அண்ணனும் கவலைப்படவில்லை. அந்த மிச்சத் தொந்திதான் அவருக்கு எமனாக வந்தது.

அவருக்கு ஒரே மகன், கார்த்திக். எங்கெங்கோ வேலைக்குப் போய், எதிலும் நிலைக்காமல் திரும்பி வந்தவன். போன வருஷம் போடியில் உடம்பு இளைக்க வைக்கும் சென்டர் ஒன்றைத் தொடங்கினான். காலையில் ஒரு கிளாஸ் பவுடர், ராத்திரி ஒரு கிளாஸ் பவுடர், நடுவில் வெள்ளரிக்காய். சுவர் முழுக்க ‘முன்பு’, ‘பின்பு’ என்று யார் யாருடைய படங்களோ. ஆனால் உள்ளூர் முகம் ஒன்றுகூட இல்லை. ஜனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். “சொந்த அப்பனே தொந்தியோட ஜீப்பு ஓட்டுறாரு, நீ எங்கள எளைக்க வைக்கப் போறியாக்கும்” என்று எவனோ கேட்டிருக்கிறான். அது போதாதா? அப்பாவையே பவுடர் குடிக்க வைத்து ஒரு ‘பின்பு’ படம் எடுக்கக் கார்த்திக் முடிவுசெய்தான்.

அண்ணன் சட்டை தொளதொளவென்று தொங்கத் தொடங்கியபோதே நான் கேட்டேன். “என்னண்ணே, பத்தியமா?”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். “பய பொழப்பு டீச்சர். இதுவும் போச்சுன்னா அவன் ஒடிஞ்சு போவான். ஒரு போட்டோ, அம்புட்டுத்தான். எடுத்ததும் முறிச்சுருவேன்.”

“மாத்திரை?”

“அது வழக்கம்போலத்தான்.”

“டாக்டரக் கேட்டீங்களா?”

“பய கேட்டுருப்பான்.”

நான் சும்மா இருக்கவில்லை. இறங்கும்வரை திட்டினேன். அன்று சாயங்காலமே சென்டருக்குப் போய்க் கார்த்திக்கைப் பிடித்தேன். அவன் மரியாதையாகத்தான் பேசினான். “இது சயின்ஸு டீச்சர். அப்பாவுக்கு இப்பத்தான் ஒடம்பு எறங்க ஆரம்பிச்சிருக்கு. இந்த நேரத்துல நீங்க கொழப்பாதீங்க.” அந்தப் பிள்ளையிடம் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அப்பாவை நல்லபடியாக ஆக்குகிறோம் என்றே நம்பினான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வாயார ஏசவாவது முடிந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைச் செல்வராணி சொன்னாள். ஏறும்போதே, “எல்லாரும் சாப்பிட்டீங்களா?” என்று வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். சாப்பிட்டோம் என்றிருக்கிறார்கள். அவரை யாரும் கேட்கவில்லை. அவரை ஏன் கேட்கப்போகிறார்கள்? பாதி மலையில் வண்டி ஒருமாதிரி இழுத்திருக்கிறது. “அண்ணே” என்று கத்தியிருக்கிறார்கள். அவர் மலைச்சுவரோடு ஒட்டி நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் சரிந்திருக்கிறார். ஒரு பெண்ணுக்கும் ஒரு கீறல் இல்லை. மிட்டாயை எடுத்துக்கொண்டு போனபோது அவருக்குப் பல் கிட்டிவிட்டது. உள்ளே எதுவும் இறங்கவில்லை. கீழே இறங்கிக்கொண்டிருந்த ஒரு லோடு வண்டியை மறித்து ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்துசேரும்போது உயிர் இல்லை. பரிசோதித்த டாக்டர் இரண்டு கேள்வி கேட்டாராம்: சர்க்கரை மாத்திரை போடுவாரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார். பதிலைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை மேசைமேல் போட்டாராம்.

ஆனால் துக்க வீட்டில் எல்லாரும் நெஞ்சுவலி என்றார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அண்ணன் மனைவி அன்னக்கொடி மதினி என் கையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் இழுத்துப் போனார்.

“எனக்குத் தெரியும் டீச்சர். ராணி சொல்லிட்டா. நெஞ்சுவலின்னே இருந்துட்டுப் போகட்டும். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். அவனையும் தூக்குல பாக்க வச்சிறாதீங்க.”

வெளியே வந்து, நெஞ்சுவலி என்று சொன்னவர்களைத் திருத்தாமல் உட்கார்ந்தேன். இப்போது எழுதுவதற்கு முன் மறுபடியும் மதினியிடம் போய் நின்றேன். “அந்தச் சென்டர மூடிட்டான். அவனே எல்லாத்தையும் எழுதச் சொல்றான்” என்றார். அதனால்தான் இதைப் படிக்கிறீர்கள். இதில் இருக்கிற பெயர் எதையும் நான் மறைக்கவில்லை.

அண்ணே, உங்கள்மேல் எனக்கு அடங்காத கோபம். நர்சம்மா சொன்னதை அத்தனை பேருக்கும் எடுத்துச் சொன்னீர்கள். யாரும் எதற்காகவும் வயிற்றைக் காயப்போடக்கூடாது என்றீர்கள். பெற்ற பிள்ளை கேட்டான் என்றதும் உங்கள் வயிற்றை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டீர்களே. அவன் பிழைப்பு நிலைக்கவேண்டும் என்று இருந்தீர்கள். இப்போது அவன் சோற்றில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். தட்டை வைத்தால் எழுந்து போய்விடுகிறான். இதற்குத்தானா?

வீட்டைவிட்டு எடுப்பதற்கு முன் வாய்க்கரிசி போட்டார்கள். சொந்தபந்தங்கள் போட்டு முடித்தபின் ஜீப்புப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து போட்டார்கள். நானும் போட்டேன். கடைசியில் கார்த்திக்கை அழைத்து வந்தார்கள். கைப்பிடி அரிசியோடு அப்பாவின் முகத்தருகே குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கை வாய்க்கு வரமாட்டேன் என்றது. விரலிடுக்கு வழியாக அரிசி பாயில் உதிர்ந்துகொண்டிருந்தது. மதினிதான் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். அவனைக் காப்பாற்றச் சற்று முன்புதான் என்னிடம் கெஞ்சிய மனுஷி. வேண்டுமென்றே சொல்லவில்லை, அவர் வாயிலிருந்து அது தானாக வந்துவிட்டது.

“போடுய்யா. நல்லா ரெண்டு கை போடு. அப்பாவுக்குப் பசிக்கும்.”

போய் வாருங்கள் அண்ணே.