நிரை பிடித்து வாசித்த பக்கங்கள்

பிள்ளைக்காம்பராவின் சாவி என் கைக்கு வந்த நாளிலேயே, அதை எப்போது திருப்பிக் கேட்பார்களோ என்ற பயமும் கூடவே வந்துவிட்டது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கும். மத்தியானத்தில் அதைத் திறந்து பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் அனுமதி தந்தார். நான் எத்தனையாம் வகுப்பு வரை படித்தேன் என்று அவர் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பு என்று நானும் சொல்லவில்லை.

எனக்கு இங்கிலீஷ் வந்தது நுவரெலியாவில், ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்த காலத்தில். தங்கிப் போகிறவர்கள் சஞ்சிகைகளை விட்டுவிட்டுப் போவார்கள். குப்பையில் போடச் சொல்வார்கள். நான் பைக்குள் போட்டுக்கொள்வேன். முதலில் படத்துக்காகத்தான் எடுத்தேன். பிறகு படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. பாதிப் பக்கங்கள் சரித்திரம், மீதிப் பாதி மிருகங்கள். ஒரு ராஜா ஏன் மலை உச்சியில் கோட்டை கட்டினான், எறும்பு எப்படி வழி தவறாமல் வீடு திரும்புகிறது, இப்படி. தெரியாத சொல் வந்தால் முன்னும் பின்னும் பார்த்து ஊகித்துக்கொள்வேன். உச்சரிப்பு சரிதானா என்று கேட்க ஆளில்லை. இன்றைக்கும் சில சொற்களைச் சொல்லும்போது இருமலை நடுவில் விட்டுச் சமாளிப்பேன்.

வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் உட்கார முடியாமல் பாயில் உட்கார்ந்தார்கள். என்னை யாராவது டீச்சர் என்று கூப்பிட்டால் எனக்குக் காது சுடும். முதல் மாதம் முழுக்க, என்னுடைய பள்ளிக்கூடத்தில் பார்த்தபடியே பலகையில் ஒரு பக்கம் முழுவதையும் எழுதினேன். அவர்களும் அழகாகக் கொப்பியில் எழுதினார்கள். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கதவோரத்தில் உட்காரும் ஒரு இளம் தாய் தலையைக்கூட நிமிர்த்தமாட்டாள். போன வருஷம் மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவள் அவள். அதற்குப் பிறகு பேச்சே குறைந்துவிட்டது என்றார்கள்.

கடைசியில், வகுப்பில் எல்லோருக்கும் மூத்த அக்காதான் உடைத்துச் சொன்னார். மலையில் எல்லோரையும் விட வேகமாகப் பறிக்கிறவர். வாயும் அதே வேகம்.

"ஏம் புள்ள, மொத்த மலையையும் ஒரே நேரத்துல காட்டி பறின்னா எவ பறிப்பா? நிரை போட்டுக் குடு."

தேயிலை மலையில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். அந்த வரிசைச் செடிகள் அன்றைக்கு அவளுடையவை. அதை முடிக்காமல் அவள் நகரக்கூடாது. முதலில் முடித்தவள் பக்கத்து நிரையில் எதிர்முனையிலிருந்து பறித்துக்கொண்டு வந்து பின்தங்கியவளுக்குக் கைகொடுப்பாள். இவ்வளவு நாளாக இது ஏன் தோன்றவில்லை!

அடுத்த வாரம் அக்கரப்பத்தனை டவுனில், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரரிடம் ஒரு பக்கத்தைப் போட்டோ கொப்பி எடுத்து, அங்கேயே கத்தரிக்கோல் வாங்கி வரிவரியாக வெட்டினேன். "என்ன தங்கச்சி, காசு குடுத்து எடுத்து கிழிக்கிறீங்க?" என்று நானா சிரித்தார். ஞாயிறன்று ஆளுக்கொரு வரி கொடுத்தேன். தெரிந்த சொல்லை முதலில் பறி, தெரியாததைப் பக்கத்தில் கேள். யாரோ ஒருத்தி, புது மலையில் முதல் கொழுந்தைக் கிள்ளும்போது சொல்வதுபோல, "பொலி! பொலி!" என்றாள். அறையே சிரிப்பில் அதிர்ந்தது. அன்றிலிருந்து அதைச் சொல்லாமல் ஒரு பக்கமும் தொடங்கியதில்லை.

அந்த முதல் பக்கம் சரித்திரம். இந்த மலைகளில் முதலில் கோப்பித் தோட்டம் இருந்தது, செடிகளுக்கு நோய் வந்து அழிந்தது, வெள்ளைக்காரத் துரைமார் காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள் என்று போட்டிருந்தது. எல்லா வரியையும் சேர்த்து வாசித்ததும் மூத்த அக்கா தன் துண்டுக் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொரைமாரு வெட்டுனாங்களா? தொர கையிலயா கத்தி இருந்திச்சு?"

"இதுல அப்புடித்தான் போட்டிருக்குங்க."

"அப்ப நம்ம ஆளுங்க எந்த வரியில இருக்காங்க?"

மறுபடி தேடினோம். ஒரு வரியிலும் இல்லை. "இல்லாட்டி ஒரு நிரை கூட்டிக்குவோம்," என்றார் அக்கா. எல்லோருமாகச் சேர்ந்து ஒரு புது வரி எழுதினோம். 'அவர் பீப்பிள் கட் த ஃபோரஸ்ட்.' எங்கள் ஆட்கள்தான் காட்டை வெட்டினார்கள். அதைப் பலகையில் எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே அது புதுசாக இருந்தது.

பிறகு எறும்பு, சிறுத்தை, பழைய ராஜாக்கள் என்று வாரங்கள் ஓடின. அடுத்து குளவிப் பக்கம். வரிகளை வெட்டி வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன். அந்த வாரத்தில்தான் நலன்புரி உத்தியோகத்தர் கூப்பிட்டுச் சொன்னார், "வார ஞாயித்துக்கிழம கொழும்பு ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் வாறாங்க. ஒழுங்கா பாடம் நடக்குதான்னு பார்ப்பாங்க. இல்லாட்டி சாவிய வாங்கச் சொல்லிட்டாங்க."

துண்டுக் கடுதாசியும் குளவியும் ஒழுங்கான பாடமா? சனிக்கிழமை மாலை தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பெண்களைக் கூட்டினேன். மை நேம் இஸ், ஐ லிவ் இன், குட் ஆஃப்டர்நூன் மேடம் என்று மனப்பாடம் செய்ய வைத்தேன்.

"என்னா புள்ள, குளவிய பாதியில வுட்டுட்டு இத கிளிப்புள்ள மாதிரி சொல்லச் சொல்ற?" என்றார் மூத்த அக்கா.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும். கும்புடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை அந்த மேடம் வந்தார். என்னைவிட வயது குறைவு. குட்டி நாற்காலியில் சிரமமில்லாமல் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் ஒவ்வொருவராக எழும்பிப் பெயரும் ஊரும் சொன்னார்கள். நாலாவது ஆளிலேயே மேடத்தின் கண் சுவர்ப் படங்களுக்குப் போய்விட்டது. பிறகு இங்கிலீஷில், நீங்கள் ஏன் இங்கிலீஷ் படிக்கிறீர்கள் என்று கேட்டார். நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பையின் அடியில் கிடந்த சாவி காலில் குத்திக்கொண்டிருந்தது.

கதவோரத்தில் ஓர் அசைவு. அந்த இளம் தாய் எழும்பி நின்றாள். கையில் மடித்து மடித்துத் துணிபோல ஆகிவிட்ட ஒரு துண்டுக் கடுதாசி.

"என் நிரை முடியல," என்று என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினாள். "மேடம், திஸ் லைன் ராங்."

மேடம் நிமிர்ந்தார். அவள் வரியை விரல் வைத்து வாசித்தாள். குளவிகள் கோபம் வந்தால் தாக்கும் என்று அதில் இருந்தது.

"வாஸ்ப் நோட் ஆங்ரி," என்றாள். "வாஸ்ப் அஃப்ரைட்." குளவிக்குக் கோபமில்லை, பயம்.

"ஹௌ டூ யூ நோ?" என்றார் மேடம்.

"ஐ ஷேக் ஹெர் ஹவுஸ். செடிக்குக் கீழ... அண்டர் டீ. ஐ நோட் நோ. ஷீ அஃப்ரைட். ஐ அஃப்ரைட். ஐ ரன்."

குளவியின் வீட்டை ஆட்டிவிட்டேன். அதுவும் பயந்தது, நானும் பயந்து ஓடினேன். ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவள் இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டாள்.

"நோ ரன்!" மூத்த அக்கா எழும்பிவிட்டார். "ரன் வெரி பேட்! ஸ்லீப்!"

"ஸ்லீப்?" என்றார் மேடம், ஒன்றும் புரியாமல்.

அக்கா ஒரு பாயை உருவித் தலையோடு மூடிக்கொண்டு தரையில் குப்புற விழுந்து காட்டினார். மலையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அப்படித்தான் இழுத்து மூடிக்கொள்வார்கள். பாய்க்குள்ளிருந்து "லைக் திஸ்! நோ மூவ்!" என்று சத்தம் வந்தது.

"அந்த ஒடம்பு பாயிக்குள்ள அடங்குமாக்கா? பாதி வெளியில கெடக்கு, கொளவிக்கு விருந்து!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "நோ, ரன்! ரன் டு ரோட்!" என்றாள். அவ்வளவுதான். அறை இரண்டாகப் பிரிந்தது. ஓடு, படு, ஓடு, படு. சொல் கிடைக்காதபோது பக்கத்தில் இருந்தவள் எடுத்துக் கொடுத்தாள், நிரையில் கைகொடுப்பதுபோல. மேடம் நாற்காலியை விட்டுப் பாய்க்கே இறங்கிவிட்டார். எது பெண் குளவி, எங்கே கூடு கட்டும், புகை போட்டால் போகுமா என்று அவர் கேட்கக் கேட்க, எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் சேர்ந்து பதில் சொன்னார்கள். நான் ஒரு மூலையில் நின்று சிரித்தேனா அழுதேனா என்று தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

போகும்போது வாசலில் மேடம் என்னிடம் தமிழில் கேட்டேவிட்டார். "நீங்க எங்க படிச்சீங்க?"

"எட்டாம் வகுப்பு வரைக்குந்தாங்க," என்றேன். இந்த முறை நடுவில் இருமவில்லை.

"சாவிய நீங்களே வெச்சிக்குங்க. அந்தக் குளவிப் பக்கத்துல ஒரு போட்டோ கொப்பி எனக்கும் வேணும். அவங்க திருத்தினதையும் சேர்த்து."

"நானே வெச்சிக்கவா?" என்று இன்னும் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்கவிடாமல் மூத்த அக்கா என் கையைக் கிள்ளினார்.

கதவைப் பூட்டும்போது அந்த இளம் தாய் பக்கத்தில் வந்து நின்றாள். "அடுத்தது என்னா பக்கம்?"

"ரத்தம் குடிக்கிற அட்டையப் பத்தி."

"எனக்குப் பெரிய நிரையா வையுங்க."

வைத்தேன். அந்தப் பக்கத்தில் எனக்கே உச்சரிக்கத் தெரியாத ஒரு நீளமான சொல் இருந்தது. வழக்கமாக அப்படிப்பட்ட வரியை வெட்டி ஒளித்துவிடுவேன். இந்த முறை, "இதுல ஒரு சொல்லு எனக்கு வராது, எல்லாரும் கை குடுக்கணும்," என்று சொல்லி அந்த வரியை என் நிரையாக நானே எடுத்துக்கொண்டேன்.