எருமைக்குள் ஒரு பந்தி

கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊரில் பிறந்த சேவுகனுக்கு விமானப்படையில் வாய்த்தது எருமை. அந்தப் பெரிய ஹெலிகாப்டருக்குப் படைக்காரர்கள் வைத்த பேர் அது. எமன் வாகனத்தின் பேரை வைத்துவிட்டால் எமனே குழம்பிப் போவான் என்று எவனோ சொன்னானாம். அறுபத்து மூன்றில் மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து இறங்கியதைப் பூட்டியவர்களில் சேவுகனும் ஒருவன். அன்றையிலிருந்து அது போன இடமெல்லாம் இவனும் போனான். பனிமலை முகாம்களுக்கு மண்ணெண்ணெயும் கிடாய்களும் சுமந்தார்கள். அறுபத்தைந்துச் சண்டையில் அடிபட்டவர்களை ஏற்றி வந்தார்கள். எழுபத்தொன்றில் கிழக்கே ஆறு தாண்டிச் சிப்பாய்களை இறக்கியபோது எருமையின் விலாவைக் குண்டு துளைத்தது. இவன்தான் தகடு வைத்து அடைத்தான். சுட்டவன் மேல் இவனுக்குக் கோபமே வரவில்லை. இருந்த கோபத்தையெல்லாம் ஊர்த் தலைமை பார்க்கும் அம்பலம் தேனப்பனுக்கென்று எடுத்து வைத்திருந்தான்.

எருமை வருவதற்கு முந்தின கோடையில், காய்கிற பயிரைப் பார்க்கப் பொறுக்காமல், இவன் அப்பா மலையாண்டி தனக்குத் தண்ணீர் முறை இல்லாத நாளில் கண்மாய் மடையைத் திறந்துவிட்டார். தப்புத்தான். கூட்டத்தில் நிறுத்திக் கேட்டிருக்கலாம். தேனப்பன் அதைச் செய்யவில்லை. தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்து, பந்தியில் உட்காரவைத்து, சோற்றில் கை வைத்த பிறகு மணிக்கட்டைப் பிடித்து, “எந்திரிய்யா” என்று எழுப்பினார். பந்தியில் ஒருத்தரை எழுப்பினால் மற்றவர்களும் எழுந்துவிடுவதுதான் அந்த ஊர் மரியாதை. அன்றைக்கு ஒருத்தரும் எழவில்லை. குனிந்த தலை நிமிராமல் தின்றார்கள். மலையாண்டி கழுவாத கையோடு வயல் வழியே வீட்டுக்கு வந்தார். அதன்பிறகு எந்த விசேஷத்திலும் கை நனைக்கவில்லை. ரெண்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அம்மா அன்னக்கிளி வீட்டைப் பூட்டிக்கொண்டு செக்காலையில் கட்டிக்கொடுத்த மகளோடு இருக்கப் போனாள். லீவில் வந்த மகனைக் கண்டு அவள் அழவில்லை.

“அந்தாளும் சோத்துக் கையோட எந்திரிக்கணும்டா,” என்றாள். “நான் பாக்காட்டியும் நீ பாக்கணும்.”

எழுபத்தேழில் எருமையைக் கழித்துக்கட்ட உத்தரவு வந்தது. அதற்குள் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்ததில் அதை வெள்ள வேலைக்குக் கிளப்பினார்கள். உடைந்தது தன் ஊர்க் கண்மாய் என்று கேட்டதும் சேவுகன் சிரித்தான். கூட இருந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

உடையாமல் மிஞ்சிய கரையில் ஜனம் ரெண்டு நாளாகப் பட்டினி கிடந்தது. அதில் தேனப்பனும் அவர் மனைவி நாகவல்லியும் இருந்தார்கள். சேவுகன்தான் கை கொடுத்து அவரை எருமைக்குள் தூக்கிவிட்டான். தொப்பியும் உடுப்புமாக நின்றவனை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. “நல்லா இருப்பீக தம்பி,” என்று கும்பிட்டார். இவனுக்கு அந்தக் கும்பிடும் எரிந்தது.

உள்ளே ரெண்டு பக்கமும் நீளப் பெஞ்சு, எதிரும் புதிருமாக. எருமை மேலே எழும்பியதும் எல்லோருக்கும் புளிச்சோற்றுப் பொட்டலம் கொடுத்தான். பின்கதவை ஒட்டி உட்கார்ந்திருந்த தேனப்பனுக்கு இவனே பிரித்து மடியில் வைத்தான். அவர் சோற்றைப் பிசைந்து முதல் கவளம் எடுக்கும்வரை காத்திருந்து, மணிக்கட்டைப் பிடித்தான். இரைச்சலில் கேட்க வேண்டுமென்று காதருகே குனிந்து சொன்னான்.

“நான் மலையாண்டி மகன். எந்திரிங்க அம்பலாரே.”

அவர் முகம் வெளுத்தது. சோற்றுக் கையோடு எழுந்து நின்றார். சேவுகனுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், அப்படி இனித்தது.

நாகவல்லி தன் பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்தாள். அது புருஷனுக்காக, போகட்டும். ஆனால் மணிக்கட்டைப் பிடித்ததிலேயே இவன் யார் மகன் என்று கண்டுகொண்டு, எதிர்ப் பெஞ்சிலிருந்த கிழவர் சின்னக்கருப்புவும் எழுந்தார். தள்ளாடிக்கொண்டு பின்கதவுப் பக்கம் வந்து பொட்டலத்தைச் சேவுகன் காலடியில் வைத்தார்.

“ஒங்கப்பனுக்குப் பக்கத்து எலை என்னோடதுப்பா,” என்று அவன் காதில் கத்தினார். “அன்னைக்கு நான் எந்திரிக்கல. அந்தச் சோறு இன்னமும் நெஞ்சுலயே நிக்கிது. இன்னைக்கும் ஒக்காந்து திங்கச் சொல்றியா?”

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். பசியில் கண் இருண்டவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்தவர்கள், எல்லோரும் பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றார்கள். அத்தனை கனமும் வாலுக்கு வந்ததில் எருமை மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆடியது. பைலட் திரும்பிப் பார்த்துக் கத்தினார். உட்காரவைக்காவிட்டால் மொத்தமாக வெள்ளத்தில் விழுவோம் என்றார்.

சேவுகன் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினான். ஒருத்தரும் அசையவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் தேனப்பன் மேல் இருந்தது. அவரோ எழுப்பியவன் சொல்லாமல் உட்காருவதில்லை என்பதுபோல் நின்றார். விழுந்தால் விழட்டும் என்று ஒரு கணம் சேவுகன் நினைத்தான். நிஜமாகவே நினைத்தான். எருமை இன்னொரு தரம் ஆடியது. இடுப்புப் பிள்ளை ஒன்று வீறிட்டது.

“உக்காருங்க,” என்றான்.

தேனப்பனுக்குக் கேட்கவில்லை. இடது கையைக் காதருகே குவித்துக்கொண்டு அவன் பக்கம் குனிந்தார். சேவுகன் ஊரே பார்த்திருக்க, தொண்டை கிழிய, “உக்காந்து சாப்பிடுங்க அம்பலாரே,” என்று கத்தினான்.